தேனீக்கு ஒரு வீடு

தேனெடுத்தல் வேறு, தேனீ வளர்த்தல் வேறு. குறிஞ்சி நிலத்து மக்களின் தொழில்களுள் ஒன்றாகத் தேனெடுத்தலை வைத்து எண்ணினர் நம் முன்னோர். தேன்கூட்டிற்கு ‘இறால்’ என்றொரு பழம்பெயரும் நம் மொழியில் உண்டு. தேனெடுப்பவர் கூட்டை அழித்துத் தேனைக் கொள்வர். தேனீ வளர்ப்பவரோ தேனீக்கு வீடு கொடுத்து, அதன் உழைப்பில் ஒரு பங்கை மட்டும் வாடகையாகப் பெறுவர்.

இத்தொழிலில் ஆர்வங்கொண்ட மாணவர் எவரும் முதலில் கேட்கும் கேள்வி, “தேனீக்கு எங்கே போவது?” என்பதே. வளர்ப்போரிடம் பெட்டியோடு விலைக்கு வாங்கலாம். மரப்பொந்திலோ சுவரிடுக்கிலோ உள்ள குடும்பத்தைப் பெயர்த்து எடுக்கலாம். முன்னதற்குப் பணம் வேண்டும். பின்னதற்குப் பழக்கம் வேண்டும். இரண்டும் இல்லாதவருக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு. வீட்டை ஆயத்தம் செய்து வைத்துவிட்டு, பிரிந்து வரும் காட்டுத் தேனீக் கூட்டம் தானே வந்து குடியேறும்வரை காத்திருப்பது அது. அவ்வழியைப் பற்றியதே இப்பாடம்.

“டோம்பிவிலியில் ஏது தேனீ?” என்று நண்பர்கள் நகைக்கலாம். காலையில் நெரிசல் மிக்க மின்ரயிலில் மாதுங்காவுக்கோ செம்பூருக்கோ செல்லும் நமக்கு, ஊரில் மரம் இருப்பதே கண்ணில் படுவதில்லை. எனினும் மேற்கே உல்லாஸ் ஆற்றுக் கழியும், அதன் கரையில் அலையாத்தி மரங்களும் இருக்கின்றன. கிழக்கே தொலைவில் மலங்கட் மலை நிற்கிறது. இடையே வீதிதோறும் புங்கமும் நாவலும் புளியும் தென்னையும், வீட்டுப் புறங்களில் முருங்கையும் துளசியும் பூக்கின்றன. பூ உள்ள இடத்தில் தேனீ இருக்கும். நாம்தான் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

1. எந்தத் தேனீ?

பெட்டி செய்யப் புகுமுன் தேனீயை இனம் பிரித்தறிதல் வேண்டும். இது ஏட்டுப் படிப்புக்காகச் சொல்லப்படுவது அன்று. உயிரைக் காக்கும் அறிவு ஆகும்.

நம் பகுதியில் இயற்கையாகக் காணப்படும் தேனீக்களை நான்கு வகையாகக் கொள்ளலாம். முதலாவது மலைத்தேனீ. உயர்ந்த கட்டடங்களின் பால்கனிக்கு அடியிலும், தண்ணீர்த் தொட்டிகளின் கீழும், ஓங்கிய மரக்கிளைகளிலும் ஒரே ஓர் அகன்ற அடையைத் தொங்கவிட்டு வெட்டவெளியில் வாழ்வது இதுவே. அடை ஒரு மீட்டர் அகலம் வரையிலும், அதற்கு மேலும் வளரும். உருவில் பெரியது, சினமும் பெரியது. பருவத்திற்கு ஏற்ப இடம் பெயரும் இவ்வினத்தைப் பெட்டியில் அடைத்து வளர்க்க இயலாது.

இரண்டாவது கொம்புத்தேனீ. புதர்களிலும் சிறு கிளைகளிலும் உள்ளங்கை அளவில் ஒற்றை அடை கட்டும். அடையின் மேற்பகுதி கிளையைச் சுற்றித் தழுவியிருக்கும். இதுவும் வெட்டவெளியை விரும்புவதே, பெட்டிக்கு ஏற்றதன்று.

மூன்றாவது கொசுத்தேனீ. கொசுவைப் போல் சிறியது. கொட்டும் கொடுக்கு இல்லாதது. சுவர் வெடிப்புகளில் குடியிருந்து, வாயிலில் பிசினாலான சிறு குழல் ஒன்றை நீட்டிக் கட்டும். இதனைச் சிறு பெட்டிகளில் வளர்ப்போர் உண்டு. ஆயினும் அதன் முறை வேறு.

நான்காவதே நாம் தேடும் இனம். அடுக்குத்தேனீ என்றும், பொந்துத்தேனீ என்றும், இந்தியத் தேனீ என்றும் இதனைக் கூறுவர். இருண்ட பொந்தினுள் பல அடைகளை ஒன்றற்கொன்று இணையாக அடுக்கிக் கட்டும். மரப்பொந்து, கற்சந்து, கரையான் புற்று, பழைய சுவரின் ஓட்டை, பயனற்றுக் கிடக்கும் மின்பெட்டி ஆகிய இடங்களில் இதனைக் காணலாம். இருளும் மறைவும் விரும்புவதால்தான் பெட்டியையும் வீடாக ஏற்றுக்கொள்கிறது.

இவையன்றி இத்தாலியத் தேனீ என்னும் அயல்நாட்டு இனமும் நம் நாட்டில் வளர்க்கப்படுகிறது. 1962-இல் அன்றைய பஞ்சாபில் இருந்த நக்ரோட்டா என்னும் ஊரில் அது வெற்றியுடன் நிலைநாட்டப்பட்டது. அவ்வூர் இன்று இமாசலப் பிரதேசத்தில் உள்ளது. இத்தாலியத் தேனீயைப் பெறுவோர் பெரும்பாலும் வளர்ப்பவரிடம் வாங்கியே பெறுகின்றனர். இப்பாடம் அதற்கு உரியதன்று.

ஆகவே, ஓர் எளிய விதியை மனத்திற் கொள்க. அடை வெளியில் தொங்குகிறதென்றால் விலகி நில். தேனீ சிறு துளை வழியே உள்ளே போய் வருகிறதென்றால் கூர்ந்து பார். மலைத்தேனீயின் கூட்டைக் கண்டு, “இதனைப் பெட்டியில் இடலாமே” என்று ஏணி வைத்து ஏறுவது உயிரோடு விளையாடுவது ஆகும்.

2. கூட்டம் ஏன் பிரிகிறது?

ஒரு தேனீக் குடும்பத்தில் இராணி ஒன்று; பணித்தேனீக்கள் பல ஆயிரம்; பருவத்தில் ஆண் தேனீக்கள் சில நூறு. பூ மிகுந்து, உணவு பெருகி, வீட்டில் இடம் போதாமற் போகும்போது குடும்பம் இரண்டாகப் பிரிய ஆயத்தமாகிறது.

பணித்தேனீக்கள் அடையின் கீழ் விளிம்பில் கடலைக்காய் போன்ற நீண்ட அறைகள் சிலவற்றைக் கட்டுகின்றன. அவை புதிய இராணிக்கான அறைகள். அவற்றில் இட்ட முட்டை ஏறத்தாழ 16 நாளில் இராணியாக வெளிவரும். இராணி அறைகள் மூடப்பட்டதும், புதியவள் பிறக்குமுன்பே, பழைய இராணி பணித்தேனீக்களில் ஒரு பெரும்பகுதியோடு வீட்டை விட்டு வெளியேறுகிறாள். நம் வழக்கில் மணமான மக்கள் தனிக்குடித்தனம் போவர். தேனீ வழக்கில் வீட்டைப் பெண்ணுக்கு விட்டுவிட்டுத் தாய் வெளியேறுகிறாள்! ஒரே குடும்பத்திலிருந்து அடுத்தடுத்துச் சில கூட்டங்கள் பிரிவதும் உண்டு. பின்னர்ப் பிரியும் கூட்டத்தில் இருப்பவள் இன்னும் ஆணுடன் கூடாத இளம் இராணி. இவ்வேறுபாடு பின்னே நமக்குப் பயன்படும்.

புறப்படுமுன் ஒவ்வொரு பணித்தேனீயும் வயிறு நிறையத் தேன் குடித்துக்கொள்கிறது. வழிக்குக் கட்டுச்சோறு கொண்டு செல்வது போன்றதே இது. காக்க அடையும் இல்லை, குஞ்சும் இல்லை, வயிறோ நிறைந்திருக்கிறது. எனவே கிளையில் கொத்தாகத் தொங்கும் இக்கூட்டம் பொதுவாகச் சாந்தமாகவே இருக்கும். அதனைக் கண்டவுடன் அஞ்சிக் கல்லெறிவதும் மருந்தடிப்பதும் தேவையற்றவை. சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ அது தானே புறப்பட்டுவிடும்.

பிரிதல் வேறு, ஓடிப்போதல் வேறு என்பதையும் அறிக. உணவுப் பஞ்சம், வெப்பம், எறும்பு, மெழுகு அந்துப்பூச்சி, அடிக்கடி தொந்தரவு ஆகியவற்றால் மனம் வெறுத்து முழுக் குடும்பமும் வீட்டைத் துறந்து போவதுண்டு. நம் இந்தியத் தேனீக்கு இவ்வியல்பு மிகுதி. அவ்வாறு வந்த கூட்டமும் நம் பெட்டியை நாடலாம். நம் பெட்டியைத் துறந்தும் போகலாம்.

3. தேனீ வீடு பார்க்கும் முறை

மாதுங்காவில் குடியேறிய தமிழர் பலர், பின்னர் செம்பூருக்கும், அங்கும் இடம் போதாமல் டோம்பிவிலிக்கும் வந்த கதையை நம் வீட்டுப் பெரியவர் சொல்லக் கேட்டிருப்போம். அறை எவ்வளவு பெரிது, மழைக்கு ஒழுகுமா, தண்ணீர் வருமா, நிலையத்திற்கு எவ்வளவு தொலைவு என்று அவர்கள் விசாரித்தனர். தேனீயும் ஏறத்தாழ இவற்றையே விசாரிக்கிறது.

இதனை முதலில் விளங்கக் கண்டவர் செருமானிய அறிஞர் மார்ட்டின் லிண்டவர். தேனீயின் நடன மொழியைக் கண்டறிந்து 1973-இல் நோபல் பரிசில் பங்கு பெற்ற கார்ல் வான் பிரிஷ் என்பவரின் மாணவர் அவர். 1949-ஆம் ஆண்டு, மியூனிக் நகரில், புதரில் தொங்கிய ஒரு கூட்டத்தின்மேல் சில தேனீக்கள் நடனமாடுவதை அவர் கண்டார். பூவிலிருந்து வரும் தேனீயின் உடலில் மகரந்தம் இருக்க வேண்டும். இவற்றின் உடலிலோ கரியும் செங்கல் தூளும் ஒட்டியிருந்தன. போரில் இடிந்த நகரம் அது. புகைபோக்கிகளிலும் இடிபாடுகளிலும் புகுந்து வீடு பார்த்துவிட்டு வந்தவையே இவை என்று அவர் உணர்ந்தார். அழுக்குப் படிந்த அத்தேனீக்கள் பின்னர் ஓர் ஆராய்ச்சித் துறைக்கே வழிகாட்டின.

வீடு பார்க்கச் செல்லும் இவற்றை வேவுத்தேனீக்கள் என்று அழைப்போம். வயது முதிர்ந்த, ஊர் சுற்றிப் பழகிய பணித்தேனீக்களே இவ்வேலையை ஏற்கின்றன. ஒரு பொந்தைக் கண்டால் உள்ளே புகுந்து சுவர்மேல் நடந்து நடந்து அளக்கும். வெளியே வந்து சுற்றிப் பறக்கும். மீண்டும் உள்ளே போகும். இந்த ஆய்வு அரைமணி நேரமும் நீடிப்பதுண்டு. பின் கூட்டத்திற்குத் திரும்பி, கண்ட இடத்தின் திசையையும் தொலைவையும் நடனத்தால் தெரிவிக்கும். இடம் சிறந்ததாயின் நடனம் பலமுறை சுழலும். குறையுடையதாயின் சில சுற்றோடு நின்றுவிடும். நடனத்தைக் கண்ட பிற தேனீக்கள் தாமே போய்ப் பார்த்து, தமக்கும் பிடித்தால் மட்டுமே ஆடும்.

அமெரிக்க ஆராய்ச்சியாளர் தாமஸ் சீலி இதனை மேலும் விரித்து ஆராய்ந்தார். 1970-களில் காட்டு மரங்களில் இருந்த 21 தேன்கூடுகளைப் பிளந்து அளந்தார். பின்னர், பெரிய மரங்கள் இல்லாத ஆப்பிள்டோர் என்னும் சிறு தீவிற்குத் தேனீக் கூட்டங்களைக் கொண்டு சென்று, பல வகைப் பெட்டிகளை வைத்து, எதனை அவை தேர்கின்றன என்று கண்டார். அளவான இடவசதி, சிறிய வாயில், வாயில் பெட்டியின் அடிப்புறத்தில் இருத்தல், தரையிலிருந்து உயரம் ஆகியவற்றை அவை விரும்பின. முன்பு தேனீ வாழ்ந்து விட்ட பழைய அடை இருந்தால் கூடுதல் விருப்பம்.

இன்னொன்றையும் அவர் கண்டார். ஒவ்வொரு வேவுத்தேனீயும் தான் கண்ட இடத்திற்காக ஆடும் நடனத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்திவிடுகிறது. தன் கட்சியே வெல்ல வேண்டும் என்ற பிடிவாதம் அதற்கு இல்லை. ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் இருபது முப்பது வேவுத்தேனீக்கள் கூடிவிட்டால், முடிவு செய்தாகிவிட்டது என்று பொருள். உடனே கூட்டம் உடலைச் சூடேற்றிக்கொண்டு புறப்படும். இராணிக்கு இதில் வாக்கே இல்லை. பெயர்தான் இராணி, ஆட்சி குடிமக்களுடையது. நம் சங்கத் தேர்தலை நடத்துவோர் இதனைச் சிறிது எண்ணிப் பார்க்கலாம்!

4. நமக்கு ஏற்ற பெட்டி

மேற்கூறிய ஆராய்ச்சிகள் மேலை நாட்டுத் தேனீயைப் பற்றியவை. அத்தேனீ ஏறத்தாழ 40 லிட்டர் கொள்ளும் பொந்தை விரும்புகிறது. அதே அளவில் பெட்டி செய்து இங்கே தொங்கவிட்டால் பயன் அரிது. நம் தேனீ உருவில் சிறியது; குடும்பமும் சிறியது. குறிப்பைப் பின்பற்றலாம்; அளவை அப்படியே எடுத்துக்கொள்ளலாகாது.

இந்த உண்மையை நூறாண்டுக்கு முன்பே உணர்ந்தவர் பாதிரியார் நியூட்டன். அமெரிக்கரான லாங்ஸ்ட்ராத் 1851-இல், அடைகளுக்கிடையே தேனீ நடமாட விடும் இடைவெளியின் அளவை அறிந்து, தூக்கி எடுக்கத்தக்க சட்டங்கள் கொண்ட பெட்டியை அமைத்தார். அதே தத்துவத்தை வைத்துக்கொண்டு, நம் தேனீயின் உடலுக்கும் குடும்பத்திற்கும் ஏற்பச் சிறிய பெட்டி ஒன்றை நியூட்டன் வகுத்தார். 1911 முதல் 1917 வரை தென்னாட்டு மக்களுக்குப் பயிற்சியும் அளித்தார். ‘நியூட்டன் பெட்டி’ என்றே இன்றும் அது வழங்குகிறது. கீழே புழு வளரும் அறை, அதில் 7 சட்டங்கள், மேலே தேன் அறை, அதன்மேல் மூடி. இவ்வளவே அதன் அமைப்பு.

பின்னர், 1920-களில் மார்த்தாண்டத்தில் கிறித்தவ இளைஞர் சங்கத்தின் கிராமப் பணி நிலையம் தோன்றியது. ஸ்பென்சர் ஹாட்ச் என்னும் அமெரிக்கர் அதனை நடத்தினார். அங்கே கற்பிக்கப்பட்ட குடிசைத் தொழில்களுள் தேனீ வளர்ப்பு வேரூன்றி, இன்றளவும் மார்த்தாண்டத்திற்குப் பெயர் தருகிறது. குமரி மாவட்டத்திலிருந்து மும்பைக்கு வந்த நம் நண்பர்களில் சிலர் வீட்டுத் தோட்டத்தில் இப்பெட்டிகளைப் பார்த்தே வளர்ந்திருப்பர்.

5. பெட்டியை ஆயத்தம் செய்தல்

(அ) அளவு: 10 முதல் 20 லிட்டர் கொள்ளும் மரப்பெட்டி போதும். மளிகைக் கடையில் காணும் 15 கிலோ எண்ணெய்த் தகரத்தை மனத்திற் கொண்டால் பெரிய அளவு விளங்கும். தகரத்தையே பயன்படுத்தலாகாது, வெயிலில் அது அடுப்பாகிவிடும்.

(ஆ) சட்டங்கள்: வெறும் பெட்டியை விட, சட்டங்களோடு கூடிய நியூட்டன் பெட்டியையே தொங்கவிடுவது நலம். வெறும் பெட்டியில் குடியேறிய தேனீ மூடியிலேயே அடை கட்டிவிடும். பின்னர் அந்த அடைகளை அறுத்துச் சட்டத்தில் கட்டவேண்டி வரும். தொடங்குபவருக்கு அது கடினம். தேனீயும் வெறுத்து ஓடிப்போகும். சட்டத்திலேயே கட்டத் தொடங்கினால் வீடு மாற்றும் வேலையே இல்லை.

(இ) மரம்: பழைய, மணமற்ற, நன்கு உலர்ந்த மரம் வேண்டும். உட்புறத்தில் சாயமோ வார்னிஷோ பூசலாகாது. ஒளி புகும் இடுக்குகளை அடைக்க வேண்டும். மேலே மழை நீர் இறங்காதபடி சரிவான மூடி அமைக்க வேண்டும்.

(ஈ) வாயில்: அடிப்புறத்தில் சுண்டுவிரல் உயரத்திற்குக் குறைந்த, சில சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரே பிளவு போதும். பெரிய வாயிலைக் காப்பது தேனீக்குக் கடினம்.

(உ) மெழுகு: தூய தேன்மெழுகை உருக்கி, சட்டங்களின் மேற்கட்டையின் அடிப்பக்கத்தில் ஒரு கோடாக ஊற்ற வேண்டும். உட்சுவர்களிலும் சிறிது தேய்க்க வேண்டும். “இங்கே முன்பு தேனீ வாழ்ந்தது” என்னும் செய்தியை அம்மணம் சொல்லும். நம் நாட்டுப்புறத்தில் மண்பானையின் உட்புறம் மெழுகு பூசி மரத்தில் கட்டித் தொங்கவிட்ட பழைய முறையும் இதே அறிவைச் சார்ந்ததே.

(ஊ) மணம்: வழி தெரியாத தோழியரை அழைக்கப் பணித்தேனீ தன் வயிற்றின் நுனியில் உள்ள சுரப்பியிலிருந்து ஒருவகை மணத்தை வீசுகிறது. அதில் உள்ள சிட்ரல் என்னும் பொருள் எலுமிச்சம்புல் எண்ணெயிலும் மிகுதியாக உண்டு. எனவே பெட்டியின் உள்ளே இரண்டு துளியும், வாயிலருகே ஒரு துளியும் இடுக. வாரந்தோறும் புதுப்பிக்க. மிகுதியானால் நன்மை மிகும் என்று எண்ண வேண்டா. கடுமணம் தேனீயை விரட்டவும் கூடும்.

(எ) கூடாதவை: சர்க்கரைப் பாகும் தேனும் வைத்து அழைக்க முயலாதீர்கள். அவற்றிற்கு முதலில் வருபவை எறும்புகளே. எங்கிருந்தோ கிடைத்த பழைய அடையை வைப்பதும் நன்றன்று. மெழுகு அந்துப்பூச்சி அதில் ஒளிந்திருக்கலாம், நோயும் இருக்கலாம்.

நோய் என்றதும் ஒரு செய்தியை நினைவூட்ட வேண்டும். முதலில் தாய்லாந்தில் அறியப்பட்ட ‘தாய் சாக்புரூட்’ என்னும் நச்சுயிரி நோய் 1991-92-இல் தென்னாட்டில் பரவியது. புழுக்கள் நீர் நிறைந்த பை போலாகி மடிந்தன. குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் பெட்டிகளில் பெரும்பாலானவை வெறுமையாயின. பின்னர் எஞ்சிய குடும்பங்களைக் கொண்டே தொழில் மீண்டும் தலையெடுத்தது. காட்டிலும் சுவரிடுக்கிலும் தானே பிழைத்து வாழும் ஒவ்வொரு குடும்பமும் எவ்வளவு மதிப்புடையது என்பது இதனால் விளங்கும்.

6. எங்கே? எப்போது?

மழைக்காலம் இக்கொங்கணக் கரையில் தேனீக்குப் பஞ்சகாலம். மழை ஓய்ந்து பூக்கள் மலர்ந்தபின் குடும்பம் வளரும், வளர்ந்தபின் பிரியும். ஆகவே செப்டம்பர் முடிவதற்குள் பெட்டியை ஆயத்தம் செய்து, அக்டோபர் முதல் கோடை முற்றும் வரை தொங்கவிடலாம்.

உயரம் மிகுந்தால் தேனீக்கு விருப்பம். ஆனால் இருட்டில் இறக்க வேண்டியவர் நாமே. தரையிலிருந்து 2 அல்லது 3 மீட்டர் உயரம் இரு தரப்பிற்கும் இசைவானது. நடுப்பகல் நிழலும் காலை இளவெயிலும் உள்ள இடம் சிறந்தது. மழைக்காற்று தென்மேற்கிலிருந்து வருமாதலால் வாயில் கிழக்கையோ தென்கிழக்கையோ நோக்கியிருக்கட்டும். காற்றில் ஆடாதபடி இறுகக் கட்டுக. தொங்கும் கம்பியில் கிரீசு தடவினால் எறும்பு இறங்காது. மேசைமேல் வைப்பதாயின் நான்கு கால்களையும் நீர்க்கிண்ணங்களில் நிறுத்துக. அந்நீரில் கொசு பெருகாதிருக்க வாரம் தவறாமல் மாற்றுக.

டோம்பிவிலியில் இடம் தேடுவோர் கிழக்கேயுள்ள தொழிற்பேட்டையின் அருகாமையைத் தவிர்த்து, கழிக்கரைப் பக்கத்துத் தோட்டங்களையோ, சீல் சாலையை ஒட்டிய பழைய கிராமங்களின் தோப்புகளையோ நாடுவது நன்று. குடியிருப்புச் சங்கத்து மாடியில் வைப்பதாயின், சங்கத்தின் ஒப்புதலும் அண்டை வீட்டாரின் இசைவும் முதலில் வேண்டும். பிள்ளைகள் விளையாடும் இடத்திலும், துணி உலர்த்தும் இடத்திலும், இரவெல்லாம் விளக்கு எரியும் இடத்திலும் வைக்கலாகாது. நம் தேன் ஆசைக்காகப் பிறர் அஞ்சி வாழ நேரக்கூடாது.

ஒரே பெட்டியை நம்பியிராமல், நண்பர்கள் இரண்டு மூன்று பேர் கூடி, வெவ்வேறு இடங்களில் வைத்தால் வாய்ப்பு மிகும். ஒரு பருவம் முழுதும் எதுவும் வாராமற் போவதும் இயல்பே.

7. விருந்தினர் வருகை

முதலில் ஓரிரு தேனீக்கள் வரும். வாயிலைச் சுற்றிப் பறந்து, பெட்டியின் வெளிப்புறத்தையும் மூலைகளையும் மோப்பம் பிடித்து, உள்ளே புகுந்து வெளிவரும். கால்களில் மகரந்தம் இராது. அவையே வேவுத்தேனீக்கள். நாளுக்கு நாள் அவற்றின் தொகை பெருகினால் நம்பிக்கை கொள்ளலாம். அப்போது பெட்டியைத் தொடாதீர்கள், திறந்து பார்க்காதீர்கள்.

பிறகு ஒருநாள், பெரும்பாலும் வெயில் ஏறிய நேரத்தில், இரைச்சலோடு ஒரு மேகம் போலக் கூட்டம் வந்து இறங்கும். வாயிலில் நின்று சில தேனீக்கள் வயிற்றை உயர்த்தி இறகை வீசி மணம் பரப்பும். சிறிது நேரத்தில் எல்லாம் உள்ளே அடங்கிவிடும்.

பெட்டியை வேறிடத்தில் வைக்க விரும்பினால், வந்த அன்று இரவே, எல்லாத் தேனீயும் உள்ளே அடங்கிய பின், வாயிலைக் காற்றுப் புகும் வலையால் அடைத்து, அசைக்காமல் எடுத்துச் செல்க. நாட்கள் கடந்தால் அவை அவ்விடத்தை மனத்திற் பதித்துக்கொள்ளும். பின்னர் சிறிது தொலைவு நகர்த்தினாலும் வெளியே போன தேனீக்கள் பழைய இடத்திற்கே திரும்பி அலைந்து மடியும்.

இராணி வெளியேறாதபடி வாயிலில் சில நாட்கள் ‘இராணித் தடுப்பு’ வைப்போர் உண்டு. பணித்தேனீ நுழையும், உடல் பெருத்த இராணி நுழைய இயலாது. பழைய இராணியோடு வந்த கூட்டத்திற்கு இது உதவும். ஆனால் முன்னே கூறிய இளம் இராணியாயின், ஆணுடன் கூட அவள் வெளியே பறந்தே தீர வேண்டும். தடுப்பு வைத்தால் குடும்பமே அழியும். எத்தகைய இராணி என்று அறிய இயலாத தொடக்கத்தார் தடுப்பு வையாதிருத்தலே நலம்.

முதல் வாரம் பெட்டியைத் திறக்க வேண்டா. மாலையில், சர்க்கரையும் நீரும் சம அளவில் கலந்த பாகைச் சிறு கிண்ணத்தில் ஊற்றி, தேனீ மூழ்காதபடி சில குச்சிகள் மிதக்கவிட்டு உள்ளே வைக்கலாம். வாயிலில் நின்று பாருங்கள். தேனீக்கள் பின்னங்கால்களில் மகரந்த உருண்டைகளோடு திரும்பினால், உள்ளே புழு வளர்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். முட்டையிலிருந்து பணித்தேனீ வெளிவர ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும். அதுவரை குடும்பத்தின் தொகை குறைந்துகொண்டே வரும், கலங்க வேண்டா. முதல் ஆண்டில் தேனை எண்ணாதீர்கள். குடும்பம் மழைக்காலத்தைக் கடந்து நிற்பதே முதல் வெற்றி.

8. எச்சரிக்கை

கொட்டிய தேனீயின் கொடுக்கு தோலிலேயே தங்கி, நஞ்சை மேலும் இறக்கிக்கொண்டிருக்கும். எப்படி எடுப்பது என்று ஆராய்வதைவிட உடனே எடுப்பதே முதன்மையானது. கொட்டிய இடத்தில் எழும் மணம் வாழைப்பழ மணத்தை ஒத்தது. அது பிற தேனீக்களையும் அழைக்கும். எனவே வாழைப்பழம் தின்றுவிட்டுப் பெட்டியருகே செல்லாதீர்கள்.

பெரும்பாலோர்க்கு வலியும் வீக்கமும் மட்டுமே உண்டாகும். சிலருக்கோ மூச்சுத் திணறல், முகமும் நாவும் வீங்குதல், மயக்கம் ஆகியவை தோன்றும். அது உயிருக்கு ஆபத்து. நொடியும் தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். ஆதலின் முகவலையின்றியும் துணையின்றியும் எவரும் பெட்டியைத் திறக்கலாகாது.

நேரில் கற்க விரும்புவோர்க்கு நல்வாய்ப்பும் அருகிலேயே உள்ளது. கதர் கிராமத் தொழில் ஆணையம் 1962-இல் நிறுவிய மத்தியத் தேனீ ஆராய்ச்சிப் பயிற்சி நிலையம் புனேயில் இருக்கிறது. சாதாரா மாவட்டத்தில் மகாபலேசுவரத்தை அடுத்த மாங்கர் என்னும் சிற்றூர், 2022-இல் ‘தேன் கிராமம்’ என்று அறிவிக்கப்பட்டது. அம்மலைகளில் ஏழெட்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் கார்வி என்னும் செடி, நம் நீலக்குறிஞ்சிக்கு உறவினம். குறிஞ்சித் தேனைப் பற்றிப் படித்த தமிழ் மாணவர் ஒருமுறை கண்டு வரத்தக்க இடம் அது.

முடிவாக ஒன்று. நகரத்தில் தேன்கூடு ஒன்று கண்ணில் பட்டால், தீயிடுவதும் மருந்தடிப்பதுமே பலருக்குத் தோன்றும் வழிகள். அவ்வேளையில் குடியிருப்பில் ஒருவர் முன்வந்து, “இது கிளையில் இளைப்பாறும் கூட்டம்; நாளை போய்விடும்” என்றோ, “இது மலைத்தேனீ; எவரும் நெருங்காதீர்கள், பழகியவரை அழைப்போம்” என்றோ, “இது பொந்துத்தேனீ; இதனை வளர்ப்பவரிடம் சேர்க்கலாம்” என்றோ சொல்ல வல்லவராயின், ஒரு குடும்பமும் பிழைக்கும்; அக்கம்பக்கத்தாரும் காக்கப்படுவர். பெட்டி வைத்துக் காத்திருக்கும் மாணவர் அந்த அறிவைப் பெறுகிறார். தேனீ வந்தாலும் வாராவிட்டாலும் அது அவரிடம் தங்கும். இவ்வாண்டு மழை ஓய்வதற்குள், நண்பர் இருவர் சேர்ந்து, ஒரு பெட்டிக்கேனும் மெழுகு பூசி வையுங்கள்.